பிறழ் சாட்சி

"நீ பாத்தியா, கேட்டியா, இல்ல உனக்காத் தோணுச்சா?"

அந்த அக்காகிட்ட யாரு என்ன சொன்னாலும் மொதல்ல வர்ற கேள்வி இதுதான். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல கீரைக்காரம்மா, காலையில பறிச்சது தாயி, வாங்கிக்கன்னு சொல்லுவாங்க. உடனே இவுங்க, நீங்க பறிச்சீங்களா, பறிச்சதுன்னு சொல்லிக் குடுத்தாங்களான்னு நிப்பாங்க. ஒரு கட்டுக் கீரைக்கு வாக்குமூலம் குடுக்கணும்னு அந்தம்மாவுக்குத் தலையெழுத்து. அதுக்குள்ள எங்க கடலூர் பஸ் கெளம்பிடும். நான் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு ஓடுவேன்.

பேரு வேணாம். அக்கான்னே இருக்கட்டும். ரெண்டு பேருக்கும் ஊடு சிதம்பரம், வேலை கடலூர்ல ஒரு கோர்ட்டுல. நான் நகல் எடுத்துக் குடுக்கற செக்‌ஷன். அவுங்க கூண்டுல நிக்கற சாட்சி சொல்றதக் கேட்டு அப்பிடியே டைப் அடிக்கறவுங்க. காலையிலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் 'நான் நேரில் பார்த்தேன்', 'பிறர் சொல்லக் கேள்விப்பட்டேன்' இந்த ரெண்டையும் அடிச்சு அடிச்சு அது அவுங்க ஒடம்புலயே ஊறிப்போச்சு. தெனமும் ஒரே பஸ், ஒரே சீட்டு. ஜன்னலோரம் அவுங்க, பக்கத்துல நான்.

அவுங்ககிட்ட வம்பு பேசவே முடியாது. ஒரு நாள் எங்க மாமியார் காலங்காத்தால என்னைய 'திருட்டு முண்ட'ன்னு திட்டிட்டாங்கன்னு அழுதுகிட்டே சொன்னேன். உன் மொகத்தப் பாத்துச் சொன்னாங்களான்னு கேட்டாங்க. இல்ல, நான் உள்ள இருந்தேன், அவுங்க கொல்லையில இருந்தாங்கன்னேன். கொல்லையில வேற யாரு இருந்ததுன்னாங்க. சாயந்திரம் போயி விசாரிச்சா, பாலக் குடிச்ச பூனையத் திட்டியிருக்காங்க. ஒரு நாள் பூரா நான் அழுதது தண்டம். இருந்தாலும் சொல்றேன், அந்த அக்கா மாதிரி ஒரு மனுஷிய நான் அதுக்கப்பறம் பாக்கல. அவுங்க வாயிலேர்ந்து ஒண்ணு வந்தா அது அப்பிடித்தான் நடந்திருக்கும். கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்.

அப்பிடிப்பட்டவுங்களுக்குத்தான் அந்தக் குரல் கேட்டுச்சு.

அவுங்க ஊட்டுக்காரருக்கு ஒயரிங் வேலை. மாடியிலேர்ந்து விழுந்து மண்டையில அடி. சிதம்பரத்துல ஆஸ்பத்திரியில சேத்தாங்க. டாக்டருங்க ஒண்ணும் சொல்ற மாதிரி இல்லன்னு கைய விரிச்சுட்டாங்க. அக்கா வராண்டாவுல கெடந்தாங்க. ஒரு மத்தியானம் கொழாயடியில டிபன் பாக்ஸ் கழுவிக்கிட்டு இருந்தப்ப, "நான் இருக்கேன்"னு ஒரு குரல். திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. வெளியிலேர்ந்து வந்துச்சா உள்ளுக்குள்ளேர்ந்து வந்துச்சான்னு பிரிக்க முடியலன்னு சொல்லுவாங்க. கொழாத் தண்ணி விழற சத்தம் நிக்கல, அதோட சேந்து இதும் கேட்டுச்சு. அது வரைக்கும் இருந்த கை நடுக்கம் அப்பிடியே நின்னுபோச்சு. கொஞ்ச நாள்ல அவரு கண்ணு முழிச்சு, எழுந்து நடந்து, திரும்பவும் வேலைக்குப் போயிட்டாரு.

அக்கா பொறப்புலயே வேதக்காரங்க. சிதம்பரத்துக்கு வெளிய தகர ஷெட்டு போட்ட ஒரு சின்னச் சபைக்குப் போவாங்க. அங்க ஞாயித்துக்கெழம ஆராதனை நடுவுல சாட்சி சொல்ற நேரம்னு ஒண்ணு உண்டு. கடவுள் தனக்குச் செஞ்சத ஒவ்வொருத்தரா எழுந்து மைக்குல சொல்லுவாங்க. அக்காவும் சொன்னாங்க. கோர்ட்டுல அடிக்கற மாதிரியே சொன்னாங்க. 'நான் இருக்கேன்'னு கேட்டுச்சு, ஊட்டுக்காரர் பொழைச்சாரு, பக்கத்து பெட்டுல இருந்தவரு செத்துட்டாரு, அவரு சம்சாரமும் என்னைய மாதிரியே ராப்பகலா சாமியக் கும்புட்டாங்க. அவ்ளோதான்.

பக்கத்து பெட்டுக்காரர யாரும் ஞாபகம் வெச்சுக்கல. குரல மட்டும் புடிச்சுக்கிட்டாங்க. அது வாய்க்கு வாய் மாறி, 'உன் கணவனைக் குணமாக்குவேன், பயப்படாதே'ன்னு நீளமாயிடுச்சு. மங்கலம்பேட்டைக்குக் கூப்புட்டாங்க, அண்ணாகிராமத்துக்குக் கூப்புட்டாங்க, அந்தம்மா வந்து சாட்சி சொல்லட்டும்னு. போற எடமெல்லாம் அக்கா திருத்திக்கிட்டே இருப்பாங்க. குணமாக்குவேன்னு கேக்கலங்க, இருக்கேன்னு மட்டுந்தான் கேட்டுச்சுன்னு. அதுலயும் ஒரு வெவகாரம். கர்த்தர் சொன்னாருன்னு சொல்லுங்கம்மான்னு பாஸ்டர் எடுத்துக் குடுப்பாரு. அக்கா அத மட்டும் சொல்லவே மாட்டாங்க. கேட்டுச்சுங்க, யாரு சொன்னதுன்னு நான் பாக்கலீங்கன்னுடுவாங்க.

நான் சும்மா இருப்பேனா? பஸ்சு பி.முட்லூர் தாண்டுனதும் ஆரம்பிச்சுடுவேன். சோறு தூக்கம் இல்லாம ஆஸ்பத்திரி வராண்டாவுல கெடந்தா எனக்குந்தான் கேக்கும், இதுக்குப் போயி கடவுள இழுக்கலாமான்னு கேட்டேன். அக்காவுக்குக் கோவமே வராது. யோசிப்பாங்க. புதுச்சத்திரம் வந்தப்பறம் பதில் வந்துச்சு. பசியில கண்ணு இருட்டிக்கிட்டு வர்றப்ப எதுத்தாப்புல ஒரு லாரி வருது, எனக்குப் பசிங்கறதுக்காக லாரி வரலன்னு ஆயிடுமான்னு கேட்டாங்க. சரி, இன்னொண்ணுக்குப் பதில் சொல்லுங்கன்னேன். எங்க மாமியாருக்குத் தீமிதியப்ப திரௌபதியம்மன் வந்து எறங்கும். நெருப்புல நடப்பாங்க, கால்ல ஒரு கொப்புளம் இருக்காது. அது அம்மன்னா உங்ககிட்டப் பேசுனது யாரு, ரெண்டும் எப்பிடி நெஜமா இருக்கும்னு கேட்டேன். கடலூர்ல எறங்கறப்பதான் சொன்னாங்க, உன் மாமியாருக்கு நடந்தத நான் இல்லன்னு சொல்ல முடியாது, நான் அந்த எடத்துல இல்ல, எனக்கு நடந்ததையும் இல்லன்னு சொல்ல முடியாது, அந்த எடத்துல நான் இருந்தேன்னு. எனக்கு எரிச்சலா வந்துச்சு. இப்பிடிப் பேசறவுங்கள என்னதான் செய்யறது?

ஆனா அவுங்களுக்குள்ளயும் அது அரிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கு. ஒரு நாள் லீவு போட்டுட்டு, அதே டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டு அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுக்குப் போயி, கொழாயத் தொறந்து வுட்டு நின்னுருக்காங்க. இன்னொரு தடவ கேட்டா யாருன்னு ஒரு முடிவுக்கு வந்துடலாம்னு. தண்ணி வீணாப் போவுதுன்னு ஆயா வந்து திட்டுனதுதான் மிச்சம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

அப்பறந்தான் கிள்ளையிலேர்ந்து ஒரு பொண்ணோட அம்மா வந்தாங்க.

தையக்கடை வெச்சிருந்தவுங்க. புருஷன் விட்டுட்டுப் போயி ரொம்ப நாளாச்சு. ஒரே பொண்ணு, ஏழாவது படிச்சுக்கிட்டு இருந்துச்சு. அந்தப் புள்ளைக்கு ரத்தத்துல புத்துநோய். சிதம்பரத்துல வைத்தியம் நடந்துச்சு. ஊசி மேல ஊசி. முடியெல்லாம் போயி, தண்ணி குடிச்சாலும் வாந்தி. ஆனா வைத்தியம் கேக்குது, பாதியில நிறுத்திடாதீங்கன்னு டாக்டர் தெளிவாச் சொல்லியிருக்காரு. இந்த நேரத்துல ஒரு கூட்டத்துல அக்கா சாட்சி சொன்னத அந்தம்மா கேட்டுட்டாங்க. கேட்டுட்டு ஊசிய நிறுத்திட்டாங்க. அதச் சொல்லி சந்தோஷப்படத்தான் அக்காவத் தேடிக்கிட்டு வந்தாங்க. கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்களாம்.

அடுத்த ஞாயித்துக்கெழமையே என்னையும் கூட்டிக்கிட்டுக் கிள்ளைக்குப் போனாங்க. அந்தப் புள்ள தலையில துப்பட்டாவச் சுத்திக்கிட்டு ஒக்காந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி தெச்சுக்கிட்டு இருந்துச்சு. வாந்தி நின்னதுல மொகம் தெளிவா இருந்துச்சு. அம்மாக்காரி அதத்தான் காட்டுனாங்க, பாருங்க ஊசி நிறுத்துனதும் எப்பிடி ஆயிட்டான்னு. அக்கா எல்லாத்தையும் பொறுமையா எடுத்துச் சொன்னாங்க. குணமாக்குவேன்னு ஒரு வார்த்த கேக்கலன்னாங்க. எங்க ஊட்டுக்காரருக்கு ஊசி மருந்து எல்லாம் போட்டுத்தான் பொழைச்சாருன்னாங்க. பக்கத்து பெட்டுக்காரர் செத்ததையும் சொன்னாங்க.

"இருக்கேன்னு சொன்னாரா இல்லையாக்கா? இருக்கறவரு சும்மாவா இருப்பாரு? எம் பொண்ண விட்டுடுவாரா?"

ஊசி போட்டா நான் அவர நம்பலன்னு ஆயிடும், நம்பாமப் போயி எதாவது ஆச்சுன்னா நான் எங்க போயி முட்டிக்கறதுன்னு அந்தம்மா அழுதாங்க. முட்டாள்தனம்னு வாயி வரைக்கும் வந்துடுச்சு எனக்கு. அந்த மொகத்தப் பாத்தப்பறம் முழுங்கிட்டேன்.

பாஸ்டரையும் குத்தம் சொல்ல முடியாது. அவரே நேர்ல போயி, மருந்தும் கர்த்தர் குடுத்ததுதாம்மா, ஊசியப் போடுன்னு சொல்லியிருக்காரு. ஐயா, உங்களுக்குக் குரல் கேட்டிருக்கான்னு அந்தம்மா கேட்டாங்களாம். நல்ல மனுஷன், இல்லன்னு உண்மையச் சொல்லிட்டாரு. அப்ப கேட்டவுங்க பேச்சத்தான் நான் கேப்பேன்னுட்டாங்க.

அக்கா டாக்டரப் போயிப் பாத்தாங்க. இப்பிடியே வுட்டா நோவு திரும்பிடும், அப்பறம் மருந்து புடிக்காதுன்னு சொல்லிட்டாரு. அந்த வாரம் பூரா சாப்பாட்டத் தொறக்காமலே திரும்ப எடுத்துக்கிட்டு வருவாங்க. ஒரு நாள் ஆலப்பாக்கம் தாண்டுனப்ப ஜன்னலப் பாத்துக்கிட்டே சொன்னாங்க, "அந்தம்மா கேசுக்கு ஒரே சாட்சி நாந்தான். நான் ஒடைஞ்சா கேசு நிக்காது."

எனக்குப் புரிஞ்சுது. வேணாம்க்கான்னேன். உங்களால ஒரு பொய்யி அடிக்க முடியாது, நாக்கு திரும்பாதுன்னேன். வேற வழி சொல்லுன்னாங்க. எங்கிட்ட இல்ல.

அந்த ஞாயித்துக்கெழம தொணைக்கு நானும் சபைக்குப் போனேன். கடைசி வரிசையில ஒரு பிளாஸ்டிக் சேருல ஒக்காந்திருந்தேன். அக்கா வரச் சொன்னதுல அந்தப் புள்ளையும் அம்மாவும் வந்து முன்னாடி இருந்தாங்க. சாட்சி நேரம் வந்துச்சு. அக்கா எழுந்து போயி மைக்க வாங்குனாங்க.

"எனக்கு ஆஸ்பத்திரியில எந்தக் குரலும் கேக்கல. நானாக் கட்டிச் சொன்னது. என்னைய நம்பி யாரும் வைத்தியத்த நிறுத்தாதீங்க."

எல்லாரும் ஒண்ணாப் பேச ஆரம்பிச்சாங்க. அக்கா ஊட்டுக்காரர் சேரத் தள்ளிட்டு எழுந்து வெளிய போயிட்டாரு. அந்தப் புள்ளையோட அம்மா மெதுவா நடந்து வந்தாங்க. அடிக்கப் போறாங்கன்னுதான் நான் எழுந்து முன்னாடி ஓடுனேன். அடிக்கல. அக்கா மொகத்தையே பாத்துக்கிட்டு, உங்களுக்கு நான் என்னக்கா பாவம் பண்ணேன்னு கேட்டாங்க. கேட்டுட்டுப் புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. மறுநாளு காலையில ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்கன்னு சேதி வந்துச்சு. பாத்தீங்களா, நீங்க ஜெயிச்சுட்டீங்கன்னு அக்காகிட்டச் சொன்னேன். அவுங்க தலைய மட்டும் ஆட்டுனாங்க.

போலீசுகிட்ட ஒண்ணு சொல்லிட்டு, கூண்டுல ஏறுனப்பறம் அப்பிடியே மாத்திச் சொல்ற ஆளுக்குக் கோர்ட்டுல பிறழ் சாட்சின்னு பேரு. அந்தச் சபைக்குப் போற ஒரு ஆளு எங்க கோர்ட்டுலயும் வேல பாத்தாரு. சும்மா இருப்பாரா? அக்கா நடந்து போனா, பிறழ் சாட்சி போவுதுன்னு முதுகுக்குப் பின்னாடி பேசிச் சிரிச்சாங்க. ரெண்டு பேரோட நான் சண்டையே போட்டேன். ஊட்லயும் நிம்மதி இல்ல. அவரு பேசறதையே நிறுத்திட்டாரு. அப்ப என்னைய எழுப்பி நடக்க வெச்சது யாருன்னு சொல்லுன்னு ஒரே ஒரு தடவ கேட்டிருக்காரு. உண்மையச் சொன்னா அவரு நாலு பேருகிட்டச் சொல்லுவாரு, அது கிள்ளைக்குப் போனா புள்ளையோட ஊசி நின்னுடும். அக்கா வாயத் தொறக்கல.

எங்கிட்டதான் தொறந்தாங்க. ஒரு நாள் சாயந்திரம் திரும்பி வர்றப்ப, பஸ்சுல கூட்டம், என் கையப் புடிச்சுக்கிட்டு, கேட்டுச்சு, சத்தியமாக் கேட்டுச்சுன்னாங்க. தெரியும்க்கான்னேன்.

"இல்லன்னு நான் சொன்னப்ப, அவரு இருந்தார்னா கேட்டிருப்பாரு இல்ல?"

அந்தக் குரல அவுங்க 'அவரு'ன்னு சொல்லி நான் கேட்டது அன்னைக்குதான். இருந்தார்னா எதுக்குச் சொன்னீங்கன்னும் அவருக்குத் தெரிஞ்சிருக்கும்னு என்னவோ வாயில வந்ததச் சொன்னேன். இல்லன்னா ஒண்ணும் பயமில்ல, இருந்தாதான் பயமா இருக்குன்னாங்க. அதவிடப் பெரிய கொடுமை ஒண்ணையும் சொன்னாங்க. முன்னாடியெல்லாம் கண்ண மூடுனா அந்தக் குரல் அப்பிடியே திரும்பக் கேக்குமாம். மைக்குல அதச் சொன்ன நாள்லேர்ந்து வரமாட்டேங்குதாம். எவ்ளோ நெனச்சாலும் கொழாத் தண்ணி சத்தம் மட்டுந்தான் வருதாம். பஸ்சுல இருந்த அத்தன பேரும் திரும்பிப் பாக்கற மாதிரி அழுதாங்க. நான் தோள்ல சாச்சுக்கிட்டேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியல.

புள்ள கொஞ்ச நாளு நல்லாத்தான் இருந்துச்சு. முடி கூட லேசா மொளைச்சுதுன்னாங்க. அப்பறம் நோவு திரும்பிடுச்சு. அடைமழைக்காலத்துல, ஆஸ்பத்திரியிலயே செத்துப்போச்சு.

நடுவுல ஊசிய நிறுத்துனதுனாலயான்னு அக்கா டாக்டர்கிட்டக் கேட்டாங்க. நிறுத்தாம இருந்தாலும் திரும்பியிருக்கலாம், சொல்ல முடியாதும்மான்னு அவரு சொல்லிட்டாரு. கிள்ளையில ஒருத்தரு ஊசிதான் கொன்னுடுச்சுன்னாங்க. இன்னொருத்தரு, அந்தப் பொம்பள பொய்ச் சாட்சி சொல்லி விசுவாசத்தக் கெடுத்துட்டா, அதான் புள்ள போச்சுன்னாங்க. யாரப் பாத்தாலும் கையில ஒரு அத்தாட்சி வெச்சிருந்தாங்க. அக்காவ அடக்கத்துக்கு உள்ள வுடல. ரோட்டு மேல கொடையப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டு வந்தாங்க.

கொஞ்ச மாசம் போயி ஒரு நாள் காலையில, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல கடலூர் பஸ்சுக்கு நிக்கறோம். அந்தம்மா வந்து எதிர்ல நின்னாங்க. பாதி ஒடம்பு ஆயிட்டாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன். அக்காவும் திட்டு வாங்கத் தயாராத்தான் தலையக் குனிஞ்சாங்க.

"நான் சண்டைக்கு வரலக்கா. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். எம் பொண்ணு எங்கயாச்சும் யாருகிட்டயாச்சும் இருக்கறாளா, இல்ல ஒண்ணுமே இல்லாம போயிட்டாளா? அங்க யாராவது இருக்காங்களா? உங்களுக்கு நெஜமாக் கேட்டுச்சா, கேக்கலயா?"

"கேட்டுச்சு"ன்னாங்க அக்கா.

"அன்னைக்குக் கேக்கலன்னீங்களே."

"பாப்பாவுக்கு ஊசி போடணுமேன்னு பொய் சொன்னேன். கேட்டுச்சும்மா. நான் இருக்கேன்னு தெளிவாக் கேட்டுச்சு."

அந்தம்மா அக்கா கையில தன் கைய வெச்சாங்க.

"எம் பொண்ணுக்காக அன்னைக்கு அத்தன பேருக்கு முன்னாடி பொய் சொன்னீங்க. இன்னைக்கு எனக்காகச் சொல்றீங்க. உங்க மனசு வேற யாருக்கும் வராதுக்கா."

அக்கா இல்ல இல்லன்னு தலைய ஆட்டுனாங்க. கடவுளே, நெஜம்மா, இது நெஜம்மான்னு கையப் புடிச்சு உலுக்குனாங்க. அந்தம்மா, பரவால்லக்கா, போதும்னு சொல்லிட்டுக் கிள்ளை பஸ்சுல போயி ஏறிட்டாங்க. அக்கா அங்கயே சிமெண்டுக் கட்டையில ஒக்காந்துட்டாங்க. என் முந்தானையப் புடிச்சு இழுத்து, நீ போயிச் சொல்லேன், நான் பொய் சொல்றவ இல்லன்னு நீயாச்சும் சொல்லேன்னு கெஞ்சுனாங்க. எத்தனையோ வருஷம் பக்கத்துல ஒக்காந்து வந்திருக்கேன், அவுங்க யாருகிட்டயும் கெஞ்சி நான் பாத்ததில்ல.

ஓடுனேன். பஸ்சு ரிவர்ஸ் எடுத்துக்கிட்டு இருந்துச்சு. ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு, அக்கா சொன்னது நெஜந்தாங்க, அவுங்களுக்குக் கேட்டுச்சுங்கன்னு மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னேன். அந்தம்மா என்னையப் பாத்தாங்க.

"நீங்க நம்பறீங்களா?"

இத்தன நாளும் அக்காவோட வழியெல்லாம் வாதாடுனவ நான். பின்னாடி திரும்பிப் பாத்தேன். அக்கா கட்டையில ஒக்காந்துகிட்டு என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"நம்பறேங்க"ன்னேன்.

பஸ்சு நகர ஆரம்பிச்சுது. அந்தம்மா ஜன்னல் வழியா கைய நீட்டி என் கன்னத்தத் தொட்டாங்க.

"நீங்களும் நல்லவுங்கதான்"னாங்க.